நிறுத்தப்புள்ளியின் மேல் எழுதும்போது: டிபக்கர்கள் நினைவகத்தை எப்படிக் கையாள வேண்டும்?

சென்ற வருடம் வன்னியில் இயங்கும் சிறு அமைப்பொன்றின் பழைய கணினிப் பதிவுகளைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். போரில் உறவுகளை இழந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினரும் சொன்ன விவரங்களை அவர்கள் பல வருடங்களாக ஒரு மென்பொருளில் பதிந்து வைத்திருந்தார்கள். அதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். மூலநிரல் யாரிடமும் இல்லை. பதிவுகளை வேறொரு கோப்பாக வெளியே எடுக்க முயன்றால், திகதி நிரப்பப்படாத முதலாவது பதிவு வந்ததும் மென்பொருள் பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும்.

அங்கே தொண்டராக உதவிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் அந்தத் திகதிச் சோதனையைத் தாண்டிச் செல்ல வழி இருக்கிறது என்றார். தானே பயிற்சிக்காக எழுதிய டிபக்கர் ஒன்றைக் கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் நினைவகத்தில் இரண்டே இரண்டு பைட்களை மாற்றினார். முதல் சில பதிவுகள் ஒழுங்காக வந்தன. திகதி இல்லாத பதிவு வந்ததும் மென்பொருள் அப்படியே விழுந்துவிட்டது.

"அக்கா, நான் 144, 144 எண்டுதான் எழுதினனான். ஆனா அங்க 117 திரும்பி வந்து நிக்குது" என்றார்.

நல்லவேளை, பதிவுகளின் பிரதி ஒன்றில்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். மூலப் பதிவுகளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் எழுதியது எப்படி மாறியது என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கைகள். கணினி விஞ்ஞானம் அல்ல. எனவே அவரோடு பல நாட்கள் இருந்து விளங்கிக்கொண்டதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். வடக்கு கிழக்கில் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கும், தங்கள் பதிவுகளைக் கணினியிடம் ஒப்படைத்திருப்போருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

டிபக்கர் என்றால் என்ன?

ஒரு மென்பொருளில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கான கருவி டிபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை அது வேண்டிய இடத்தில் நிறுத்தும். நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும். தேவையானால் அதை மாற்றவும் விடும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய ஜிடிபி, எல்எல்விஎம் திட்டத்தைச் சேர்ந்த எல்எல்டிபி ஆகிய இரண்டும் இன்று பரவலாகப் பயன்படும் கட்டற்ற டிபக்கர்கள்.

மென்பொருளை நிறுத்தும்படி நாம் குறித்து வைக்கும் இடத்தைப் பிரேக்பொயிண்ட் என்பார்கள். இக்கட்டுரையில் அதை நிறுத்தப்புள்ளி என்கிறேன். அந்தப் பெயரின் தொடக்கம் எனியாக் கணினியில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946 பெப்ரவரியில் மக்களுக்குக் காட்டப்பட்ட இயந்திரம் அது. எறிகணை எங்கே போய் விழும் என்று கணிக்கும் அட்டவணைகளைத் தயாரிப்பதற்காக அமெரிக்க இராணுவம் அதற்குப் பணம் கொடுத்தது. அதன் முதல் நிரலாளர்களான ஆறு பெண்களில் ஒருவர் பெட்டி ஹோல்பெர்ட்டன். எனியாக்கில் வேலையின் ஒழுங்கை ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பிகளைச் செருகித்தான் அமைப்பார்கள். ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் அங்குள்ள கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அந்த இடம்தான் பிரேக்பொயிண்ட். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஹோல்பெர்ட்டன் என்றே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

இன்றைய நிறுத்தப்புள்ளி எப்படி வேலை செய்கிறது?

இன்று கழற்றுவதற்குக் கம்பி இல்லை. அதற்குப் பதிலாக டிபக்கர் நினைவகத்தையே மாற்றுகிறது.

மென்பொருள் ஓடும்போது அதன் கட்டளைகள் எண்களாக நினைவகத்தில் இருக்கும். நம் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள எக்ஸ்86 வகைப் புரொசசரில் 204 என்ற ஒற்றைப் பைட்டுக்கு "இங்கே நின்று டிபக்கருக்கு அறிவி" என்று பொருள். நிறுத்தப்புள்ளி வைக்கும்போது டிபக்கர் செய்வது இவ்வளவுதான்: அந்த முகவரியில் இருக்கும் பைட்டை எடுத்துத் தன்னிடம் சேமித்துக்கொள்கிறது, அதன் இடத்தில் 204ஐ எழுதுகிறது.

இந்தக் கட்டளை ஒற்றைப் பைட்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்86இல் ஒரு கட்டளை 1 பைட் முதல் 15 பைட் வரை நீளலாம். நிறுத்தும் கட்டளை அதைவிட நீளமானால் அடுத்த கட்டளையின் மேலும் ஏறிவிடும். ஆர்ம் 64 வகைப் புரொசசரில் எல்லாக் கட்டளைகளும் 4 பைட் என்பதால் நிறுத்தும் கட்டளையும் 4 பைட். ரிஸ்க்-வி வகையில் 4 பைட் வடிவமும் 2 பைட் குறுகிய வடிவமும் இருக்கின்றன.

மென்பொருள் 204ஐ அடைந்து நின்ற பிறகு தொடர வேண்டுமானால், டிபக்கர் சேமித்த பைட்டை உரிய இடத்தில் திருப்பி வைக்கும். அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓடவிடும். பிறகு மீண்டும் 204ஐ வைத்துவிட்டு முழுதாக ஓடவிடும்.

ஆக, நிறுத்தப்புள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு உண்மைகள் இருக்கின்றன. நினைவகத்தில் உண்மையில் இருப்பது 204. மென்பொருளுக்கு உரியது டிபக்கரிடம் சேமிப்பில் இருக்கும் பைட். இந்த இரண்டையும் குழப்பினால்தான் சிக்கல்.

எங்கே பிழைத்தது?

அந்த மென்பொருளில் திகதியைச் சோதிக்கும் இடத்தில் இருந்த இரண்டு பைட்கள் 117, 18. "திகதி சரியில்லை என்றால் 18 பைட் முன்னே தாவிப் பிழைச் செய்திக்குப் போ" என்பது அதன் பொருள். 144 என்பது எதுவும் செய்யாத கட்டளை. எனவே அந்த இரண்டையும் 144, 144 என்று மாற்றினால் சோதனை இல்லாமற் போய்விடும். தம்பியின் திட்டம் சரியானது.

ஆனால் எத்தனை பதிவுகள் அந்த இடத்தைக் கடக்கின்றன என்று எண்ணுவதற்காக அதே முகவரியில் அவர் நிறுத்தப்புள்ளி ஒன்றையும் வைத்திருந்தார். அதனால் நடந்தது இது:

1. நிறுத்தப்புள்ளி வைத்ததும் நினைவகத்தில் 204, 18. சேமிப்பில் 117.

2. அவர் 144, 144 என்று எழுதினார். டிபக்கர் யோசிக்காமல் நேரே எழுதியது. நினைவகத்தில் 144, 144. 204 அழிந்தது. சேமிப்பில் இன்னும் பழைய 117.

3. "தொடர்" என்றார். டிபக்கர் வழமைபோலச் சேமிப்பிலிருந்த 117ஐத் திருப்பி வைத்தது. நினைவகத்தில் 117, 144. அதை ஓடவிட்டு, பிறகு மீண்டும் 204ஐ வைத்தது.

117, 144 என்பது யாரும் எழுதாத கட்டளை. பாதி பழையது, பாதி புதியது. தாவும் தூரத்தைச் சொல்லும் பைட்டில் 144 இருந்தால் புரொசசர் அதை மறை 112 என்று வாசிக்கும். அதாவது "திகதி சரியில்லை என்றால் 112 பைட் பின்னே தாவு". திகதி சரியாக இருந்த பதிவுகள் தாவவில்லை. ஒழுங்காக வெளியே வந்தன. திகதி இல்லாத முதலாவது பதிவில் மென்பொருள் சம்பந்தமில்லாத இடத்துக்குத் தாவி விழுந்தது.

விழுந்தது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன். பின்னே தாவிய இடம் தற்செயலாக வேறோர் ஒழுங்கான கட்டளையாக இருந்திருந்தால், மென்பொருள் விழாமல் ஒரே பதிவை இரண்டு தடவை எழுதியிருக்கலாம். ஒருவரின் விவரத்தை இன்னொருவரின் பெயருக்குக் கீழே போட்டிருக்கலாம். யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

சரியான முறை எது?

டிபக்கர் எழுதுபவர்களுக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, நேரே எழுதிவிடுவது. அதன் விளைவை மேலே பார்த்தோம். நிறுத்தப்புள்ளி சத்தமில்லாமல் அழியும். அல்லது பழைய பைட் பிறகு வந்து புதியதை அழிக்கும்.

இரண்டாவது வழி, நிறுத்தப்புள்ளி இருக்கும் இடத்தில் எழுத மறுப்பது. பாதுகாப்பானதுதான். ஆனால் ஆயிரம் பைட் நீளமான ஒரு பகுதியை எழுத வருபவரிடம், நடுவிலுள்ள ஒரு பைட்டுக்காக எல்லாவற்றையும் மறுப்பது பயனற்றது.

மூன்றாவது வழி, நிறுத்தப்புள்ளிகளை எடுத்துவிட்டு எழுதி, பிறகு திரும்ப வைப்பது. மென்பொருள் முழுதாக நின்றிருக்கும்போது இது சரிவரும். ஆனால் ஒரே மென்பொருளின் வேறு இழைகள் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்தப்புள்ளி இல்லாத அந்தக் கணத்தில் அவை நிற்காமல் கடந்துவிடும்.

நான்காவது வழியே பெரிய டிபக்கர்கள் கைக்கொள்வது. எழுத வந்த பைட்களில் நிறுத்தப்புள்ளியின் மேல் விழுபவை சேமிப்புக்குப் போக வேண்டும். மற்றவை நினைவகத்துக்குப் போக வேண்டும். 204 இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வாசிக்கும்போது இதன் மறுபக்கம்: 204 இருக்கும் இடத்தில் சேமிப்பிலிருக்கும் பைட்டைக் காட்ட வேண்டும். அப்போது 144, 144 என்று எழுதியவர் திரும்ப வாசித்தாலும் 144, 144 என்றே காண்பார். நிறுத்தப்புள்ளியை நீக்கினாலும் அங்கே 144தான் வரும்.

இதை எல்எல்டிபி செய்யும் விதமும் ஜிடிபி செய்யும் விதமும் சற்று வேறு. எல்எல்டிபி எழுத்தைத் துண்டாக்குகிறது: நிறுத்தப்புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை நினைவகத்தில் எழுதும்; நிறுத்தப்புள்ளியின் மேல் விழும் பகுதியைச் சேமிப்பில் மாற்றும்; பிறகு மிகுதியை எழுதும். ஜிடிபி முதலில் சேமிப்பைப் புதுப்பித்துவிட்டு, எழுத வந்த தரவின் பிரதியில் உரிய இடத்தில் நிறுத்தும் கட்டளையைப் பதித்து, முழுவதையும் ஒரே தடவையில் எழுதும்.

ஜிடிபியில் இன்னொரு பழக்கமும் உண்டு. மென்பொருள் நின்றதும் எல்லா நிறுத்தப்புள்ளிகளையும் எடுத்துவிடும்; தொடரும்போதுதான் திரும்ப வைக்கும். அதன் இயல்பான அமைப்பு இதுவே. டிபக்கர் இடையில் அறுந்துபோனால் மென்பொருளுக்குள் 204கள் கிடந்துவிடக் கூடாது என்பது அதற்குரிய காரணம். நிறுத்தப்புள்ளிகளை எப்போதும் உள்ளேயே வைத்திருக்கும்படி அமைப்பை மாற்றினால் மேற்சொன்ன கணக்கு தேவைப்படும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

சொந்தமாக டிபக்கர் எழுதிப் பார்க்கும் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில:

பாதி மேற்படிதல். ஆர்ம் 64இல் நிறுத்தப்புள்ளி 4 பைட். எழுத்து அதில் கடைசி 2 பைட்களை மட்டும் தொடலாம். அப்போது சேமிப்பிலும் அந்த 2 பைட்களை மட்டுமே மாற்ற வேண்டும்.

சொல் அளவில் எழுதுதல். லினக்ஸில் பிட்ரேஸ் வழியாக எழுதும்போது 64 பிட் கணினியில் 8 பைட்கள் ஒன்றாகவே எழுதப்படும். 1 பைட்டை மாற்ற, 8ஐ வாசித்து, ஒன்றை மாற்றி, 8ஐயும் திருப்பி எழுத வேண்டும். வாசிப்பது 204ஐ மறைத்துக் காட்டும் வழியாக நடந்து, எழுதுவது நேரடி வழியாக நடந்தால், பக்கத்திலிருந்த நிறுத்தப்புள்ளி அழிந்துவிடும். பயனர் அதைத் தொடவே இல்லை. வாசிப்பும் எழுத்தும் ஒரே மட்டத்தில் நடக்க வேண்டும்.

தோல்வியடைந்த எழுத்து. நினைவகத்தில் எழுத முடியாமற் போனால் சேமிப்பும் பழையபடியே இருக்க வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாமல் இருப்பதுதான் நாம் கண்ட பிழையின் வேர்.

மென்பொருள் தானே எழுதுதல். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரங்கள் ஓடும்போதே புதிய கட்டளைகளை உருவாக்கி நினைவகத்தில் எழுதும். அந்த எழுத்து டிபக்கரின் கையால் போவதில்லை. அதற்குத் தெரியவும் வராது. எனவே நிறுத்தப்புள்ளியை நீக்குவதற்கு முன், அங்கே 204 இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பழைய பைட்டைத் திருப்பி எழுதக் கூடாது. எல்எல்டிபி இப்படிச் சோதித்து, இல்லாவிட்டால் பிழை என்று அறிவிக்கிறது. ஒரு நூலகம் இறக்கப்பட்டு அதே முகவரியில் வேறொன்று ஏறியிருக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

பொறுப்பு யாரிடம்? தொலைவிலுள்ள கணினியை ஆராயும்போது டிபக்கர் இரண்டாகப் பிரிந்து வேலை செய்யும். நிறுத்தப்புள்ளியை வைப்பது அங்குள்ள பகுதி என்றால், சேமிப்பும் மறைப்பும் எழுத்தைப் பிரிப்பதும் அதன் பொறுப்பு. இரு பக்கமும் தனித்தனியே கணக்கு வைத்தால் இரண்டும் ஒருநாள் முரண்படும்.

கண்காணிப்புப் புள்ளிகள். ஒரு மதிப்பு மாறினால் நிறுத்தும்படியும் டிபக்கரிடம் கேட்கலாம். அந்த மதிப்பைப் பயனர் டிபக்கர் வழியாகவே மாற்றினால், டிபக்கர் தன்னிடமுள்ள பழைய மதிப்பையும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பயனர் செய்த மாற்றத்தை மென்பொருள் செய்ததாக அறிவித்துவிடும். ஜிடிபி இதைக் கவனித்துக்கொள்கிறது.

கணக்குச் சரி, ஓட்டம் பிழை

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் ஆபத்து எஞ்சுகிறது.

எழுதப்படும் புதிய கட்டளையின் எல்லைகள் பழையதிலிருந்து மாறலாம். உதாரணமாக, 233 என்று தொடங்கும் 5 பைட் தாவல் கட்டளை ஒன்றை நிறுத்தப்புள்ளிக்கு 2 பைட் முன்னிருந்து எழுதுகிறோம் என்று வைப்போம். முதல் பைட் 233. அடுத்த நான்கும் தாவும் தூரம். நிறுத்தப்புள்ளி இப்போது அந்தத் தூரத்தின் நடுவே நிற்கிறது. டிபக்கர் விதிப்படி அந்த இடத்துக்குரிய பைட்டைச் சேமிப்பில் வைத்து, நினைவகத்தில் 204ஐ விட்டுவைக்கும். புரொசசர் 204ஐ நிறுத்தும் கட்டளையாகக் காணாது. தூரத்தின் ஒரு பகுதியாக வாசித்துத் தவறான இடத்துக்குத் தாவும்.

இதில் மோசமானது, டிபக்கரிடம் கேட்டால் அது சேமிப்பிலிருந்து எடுத்துச் சரியான கட்டளையையே காட்டும். திரையில் பிழை தெரியாது. பயனருக்கு உதவுவதற்காகச் செய்த மறைப்பே இப்போது அவரிடமிருந்து காரணத்தை மறைக்கிறது.

எனவே நல்ல டிபக்கர் ஒன்று, நிறுத்தப்புள்ளியைத் தொடும் எழுத்து வரும்போது அதைச் செய்வதோடு ஒரு வரியில் அறிவிக்கவும் வேண்டும் என்பது என் கருத்து: "இந்த எழுத்து 2ஆம் இலக்க நிறுத்தப்புள்ளியின் மேல் விழுகிறது, அது இன்னும் ஒரு கட்டளையின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்." அத்துடன், மறைப்பு எதுவும் இல்லாமல் நினைவகத்தில் உள்ளதை உள்ளபடி காட்டும் வழியும் வேண்டும்.

மேற்படிதலையே தவிர்க்க விரும்புவோருக்கு வன்பொருள் நிறுத்தப்புள்ளி இருக்கிறது. எக்ஸ்86 புரொசசர்களில் 1985இன் 80386 முதல் இதற்கென நான்கு முகவரிப் பதிவேடுகள் உண்டு. முகவரியைப் புரொசசரே நினைவில் வைத்திருப்பதால் நினைவகத்தில் எதுவும் மாறாது; மேற்படிதல் என்ற பேச்சே எழாது. ஆனால் நான்கு மட்டும்தான். தன் கட்டளைகளைத் தானே கூட்டிப் பார்த்து மாற்றம் உண்டா என்று சோதிக்கும் மென்பொருளிலும் இதுவே பொருத்தம். 204 நினைவகத்தில் இருந்தால் அப்படிப்பட்ட மென்பொருள் கண்டுபிடித்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம்

ஒரு டிபக்கர் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க நான்கு படிகள் போதும். நிறுத்தப்புள்ளி ஒன்றை வையுங்கள். அதற்கு ஒரு பைட் முன்னிருந்து ஒரு பைட் பின்வரை வேறு மதிப்புகளை எழுதுங்கள். திரும்ப வாசித்து, எழுதியதே வருகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தப்புள்ளியை நீக்கிவிட்டு இன்னொரு தடவை வாசியுங்கள். இரண்டு தடவையும் ஒரே விடை வந்தால் சேமிப்புக் கணக்குச் சரி. மென்பொருள் நின்றிருக்கும்போது மட்டுமல்லாமல், வேறு இழைகள் ஓடும்போதும் செய்து பாருங்கள். முக்கியமான பதிவுகள் சம்பந்தப்பட்ட இடமானால் எப்போதும் பிரதியிலேயே செய்யுங்கள்.

தம்பி தன் டிபக்கரில் சில வரிகளைச் சேர்த்துத் திருத்தினார். மறுபடி 144, 144 என்று எழுதினார். சேமிப்பில் 144 போய் அமர்ந்தது. நிறுத்தப்புள்ளி தன் இடத்தில் இருந்து பதிவுகளை எண்ணிக்கொண்டிருந்தது. எல்லாப் பதிவுகளும் வெளியே வந்தன. கிடைத்த கோப்பை மூலப் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அங்குள்ள இரண்டு பெண்களுக்கு ஒரு கிழமை எடுத்தது.

மென்பொருள் பிழை என்று சொல்லி நின்ற பதிவுகளையும் நான் பார்த்தேன். பதிந்தவர்கள் திகதியை மறந்து விட்டிருக்கவில்லை. சொன்ன தாய்மாருக்கு அந்த நாள் எது என்று தெரியாது. புதிய கோப்பிலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.